முப்பத்தொன்றாவது மீட்டர்

பதினான்கு மீட்டர் போதும் என்று அவன் அளந்து வைத்திருந்த வேலைக்கு, கேபிள் முப்பத்தொன்று போயிருந்தது.

உறைமேல் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். புதுக் கேபிள் பெட்டி, ஒன்றிலிருந்து தொடங்கியது. பரண் வாசலில் குந்தியிருந்த சின்னவன், பெட்டியை விட்டு வெளியே வந்திருந்த எண்ணை டார்ச் அடித்து இரண்டு முறை பார்த்தான். முப்பத்தொன்றுதான். முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை வீட்டின் நீளமே பதினொன்று. பின்னறைக்குள் இறங்க மூன்று. காலையில் அவனே டேப் பிடித்து அளந்த கணக்கு அது.

கையிலிருந்த கேபிள் இரண்டு முறை சுண்டி இழுத்தது. இன்னும் விடு என்று அர்த்தம். அக்காவும் அவனும் பேசி வைத்துக்கொண்ட சைகை.

அக்கா அவனோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தாள். அவள் கல்யாணத்துக்கு முன்பே, இந்த ஆள் நிலைக்க மாட்டான் என்று அவன் வாயை வைத்துவிட்டான். அந்த ஆளும் சொன்னபடியே ஓடிப்போனான். பலித்துப்போனதைத்தான் அக்காவால் பொறுக்க முடியவில்லை. போன வாரம் திடீரென்று போன் செய்தாள். மகள் பாப்பாவின் பின்னறையில் நெட் எடுக்கவில்லை, இரண்டாவது வைஃபை பெட்டி வாங்கி வைத்தும் பாதி வேகம்தான் வருகிறது என்றாள். இரண்டு பெட்டியும் காற்றில் பேசிக்கொண்டால் அப்படித்தான், நடுவில் ஒரு கம்பியை இழுத்துவிட்டால் சரியாகிவிடும், என் கடையிலிருந்து நல்ல ஆளாக அனுப்புகிறேன் என்றான்.

"வேற யாரும் வேணாம்டா. நீயே வா."

அந்த ஒரு வார்த்தைக்கு அவன் உருகிப் போனான். இந்தத் தொழிலைப் படித்த காலத்தில், கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளின் நிற வரிசையை மனப்பாடம் செய்ய வைத்தவளே அவள்தான். ஒரு நிறம் தப்பினால் ஒரு குட்டு. அவனுக்கு முன்பே அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

வந்ததும் பாப்பாவைப் பார்க்க வேண்டும் என்றான். காய்ச்சலில் தூங்குகிறாள், கதவைத் திறக்காதே என்றாள். அவன் வாங்கி வந்த கலர் பென்சில் டப்பாவை வாங்கி அடுப்படி மேடையில் வைத்தாள். பின்னறைப் பக்கம் நானே இருந்து இழுத்துக்கொள்கிறேன், பரணில் பழைய குழாய் ஒன்று ஓடுகிறது, அது நேரே அங்கேதான் இறங்குகிறது என்றாள். குழாய்க்குள் அவன் இரும்பு ஸ்பிரிங்கை விட்டதும் மறுமுனையில் யாரோ பிடித்துக்கொண்டார்கள். இந்த முனையில் கேபிளைக் கட்டி விட்டான். சரசரவென்று போனது.

இப்போது முப்பத்தொன்று.

"அக்கா, அங்க எவ்ளோ வந்திருக்கு?" என்று பின்னறை இருந்த திசையில் கத்தினான்.

"என்னடா?"

குரல் பின்னறையிலிருந்து வரவில்லை. நேர் கீழே, ஏணி அடியிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தான். ஒரு கை ஏணியைப் பிடித்திருக்க, முகத்தை நிமிர்த்தி நின்றாள்.

"நீ இழுக்கலையா?"

"எங்கயாவது சிக்கியிருக்கும். உள்ள போய்ப் பாரேன்." கொஞ்சம் பொறுத்து, "பாத்துப் போ" என்றாள்.

கேபிள் மறுபடி இரண்டு முறை சுண்டியது.

சுவருக்குள் எங்கோ பொந்து இருக்கிறது, கேபிள் அதற்குள் சுருண்டு கிடக்கிறது, எடை தாங்காமல் வழுக்குகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி முழங்காலில் ஊர்ந்தான். மதியம் மூன்று மணி. ஓட்டு இடுக்குகளில் வெயில் ஊசி ஊசியாக இறங்கி, தூசியில் குத்தி நின்றது. பழைய பஞ்சும் எலிப்புழுக்கையும் காய்ந்த மரமும் கலந்த, எந்தப் பரணிலும் இருக்கும் வாடைதான். கீழே குளிர்பெட்டியின் முனகல் கேட்டது, தெருவில் ஏதோ வண்டி பின்வாங்கும் சத்தம் கேட்டது. குழாய் ஒரே நேராக ஓடியது. பிறகு ஒடிந்து நின்றது. உடைந்த வாயிலிருந்து கேபிள் மட்டும் வெறுமனே நீண்டது. எண்ணைப் பார்த்தான்.

இருபது. பதினொரு மீட்டர் வந்துவிட்டான்.

இங்கே பின்சுவர் இருந்தாக வேண்டும். இல்லை. பரண் தொடர்ந்தது, கூரை மட்டும் தாழ்ந்துகொண்டே போனது. வெயில் ஊசிகள் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டன. குளிர்பெட்டிச் சத்தமும் இல்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோதுதான் ஒரு இருமல் கேட்டது. சின்ன இருமல். குழந்தையுடையது. டார்ச்சைப் பல்லிலிருந்து கைக்கு மாற்றினான்.

"பாப்பா?"

"மாமா."

அதன் பிறகு அவன் யோசிக்கவில்லை. பதினைந்து. பன்னிரண்டு. கூரை முதுகை உரசியது. வயிற்றால் இழைந்தான். ஒன்பது. ஈர வாடை. கழுவாத வாயின் வாடை.

ஐந்தில் அவள் இருந்தாள். தூசி அப்பிய கவுன், வெடித்த உதடு, கேபிளைச் சுற்றிய இரண்டு பிஞ்சுக் கைகள். எத்தனை நாளாக இங்கே கிடக்கிறாளோ.

"வாடா கண்ணு, அம்மாட்ட போலாம்."

"ரெண்டு தடவ இழுக்கணும்னு அம்மா கீழருந்து கத்திச் சொன்னாங்க. ஒருத்தர் வந்தாதான் அது என்னை விடுமாம். மாமா கண்டிப்பா வருவாருன்னாங்க."

பாடம் ஒப்பிக்கும் குரல். கேபிளை விட்டாள். அவன் தோளிலும் முதுகிலும் ஏறி, அவனைத் தாண்டி, வந்த வழியே போனாள். லேசாக இருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

திரும்ப இடமில்லை. பின்னால்தான் இழைய வேண்டும். முழங்கையை ஊன்றித் தள்ளினான். ஆறு. ஏழு. பின்னால், வெகு தூரத்தில், அக்கா அழுதாள். பாப்பாவைப் பேர் சொல்லி அழுதாள். அவன் பேர் அதில் வரவில்லை.

"அக்கா! ஏணிய எடுத்துடாத! வர்றேன்!"

அழுகை நின்றது.

"சின்னவனே." சின்ன வயதில் குட்டிவிட்டுத் தடவிக்கொடுத்த அதே குரல். "டார்ச்ச அணைச்சிடுடா. பாக்காம இருந்தா வலிக்காதுன்னு பாப்பா சொல்றா."

பரண் கதவு மூடியது. தாழ் விழுந்தது. ஏணியைச் சாய்க்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் டிவி. அதன் சத்தம் கூடியது. இன்னும் கூடியது.

கேபிள் இரண்டு முறை சுண்டியது.

பாப்பா போய்விட்டாள். முன்னால் யாரும் இல்லை.

மறுபடியும். இரண்டு முறை.

எட்டில் இருந்தான். விட்டு உதறப் பார்த்தான். கேபிள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. எப்போது சுற்றியது? இழுத்தது. ஆறு. நகங்கள் பலகையைக் கீறின. நான்கு. அக்கா சொன்னபடி டார்ச்சை அணைத்திருக்கலாம். கை கேட்கவில்லை. மூன்று.

வெளிச்சம் கேபிளின் முனையில் விழுந்தது.

உறையை யாரோ சீராக உரித்திருந்தார்கள். பின்னல் பிரித்து, எட்டுக் கம்பிகளையும் நீவி நேராக்கியிருந்தார்கள். ஆரஞ்சு வெள்ளை. ஆரஞ்சு. பச்சை வெள்ளை. நீலம். நீல வெள்ளை. பச்சை. பழுப்பு வெள்ளை. பழுப்பு. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பல்லிடுக்கில் அழுந்தியிருந்தது. பல் வரிசை அதோடு முடியவில்லை. இரண்டு பக்கமும் வெளிச்சம் போன தூரம் வரை போனது.

பிறகு அது மெல்லத் திறந்தது.