கேரியர் இல்லாத சைக்கிள்கள்

மரக்காணத்தைத் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் பிரிசில்லாவின் பழைய ஆம்னி குலுங்கிக் குலுங்கி வந்து நின்றபோது மணி நாலரை. பொங்கல் லீவு. கழுவேலி ஏரித் தண்ணீர் கடலைத் தேடிப் போகும் கழிமுகத்தின் கரையில் போன வருஷம் திறந்த பூங்கா அது. சவுக்குத் தோப்புக்குள் ஆறேழு கூடாரங்கள். கரையை ஒட்டி மூன்று கிலோமீட்டருக்குச் சிவப்பு நிறத்தில் சைக்கிள் பாதை. அதன் வலது பக்கம் தண்ணீர், இடது பக்கம் உப்புப் பாத்திகள்.

மேனேஜர் சக்கரபாணி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலீங்களா?"

"சார் குவைத்ல இருக்காரு. நானும் பொண்ணும்தான்."

"லேடீஸ் தனியா, ராத்திரி தங்கறதுன்னா..."

"டென்ட் அடிக்க எனக்குத் தெரியுங்க. எந்த இடம்னு மட்டும் காட்டுங்க."

அவள் அப்படித்தான். கணவன் வெளிநாடு போன ஆறு வருடத்தில், முடியாது என்று யாராவது சொன்னால் அதைச் செய்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பாள். சொந்த ஊரான பொம்மையார்பாளையத்தில் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பேர். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை.

பத்து வயது கிருபா தன் சைக்கிளை வண்டியிலிருந்து இறக்கினாள். பிறந்தநாளுக்கு வாங்கிய மஞ்சள் சைக்கிள். சக்கரபாணியின் பார்வை அதன் பின்பக்கத்தில் போய் நின்றது.

"இந்த கேரியரைக் கழட்டிடட்டுமாங்க? ஸ்பானர் இருக்குது. போகும்போது மாட்டிக் குடுத்துடறேன்."

"எதுக்கு?"

"இங்க ரூல்ஸ் அப்படிங்க."

அப்போதுதான் பிரிசில்லா கவனித்தாள். வாடகைக்கு வரிசையாக நின்ற சைக்கிள்களில் ஒன்றில்கூட கேரியர் இல்லை. கழற்றிய இடங்களில் துரு ஏறியிருந்தது.

"புது சைக்கிளைப் பிரிக்கிறதுக்கெல்லாம் ரூல்ஸ் கிடையாது," என்றாள்.

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. "ஆறு மணிக்கு மேல கடைசிப் பாலத்தைத் தாண்ட வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கூடாரம் அடித்து முடித்தபின் டீ கேட்டு சமையல் கொட்டகைக்குப் போனாள். அங்கே வைஜெயந்தி என்ற பெண் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். உப்பு தின்ற பாதங்கள், வெடித்து வெளுத்துப்போயிருந்தன. கேரியர் விஷயத்தைக் கேட்டதும் அவள் கை நின்றது.

"மேனேஜர் சொல்ல மாட்டாரு. சொன்னா யாரு வருவாங்க?" என்றாள். "இந்தப் பாதை முன்ன உப்பளத்து வரப்பு. பதினஞ்சு வருஷம் ஆவுது. கடைசி உப்பு வார்ற நேரத்துல மழை புடிச்சுக்கிச்சு. ஏரி ஒடையப்போவுதுன்னு எல்லாரும் ரோட்டுக்கு ஓடறோம். தனகோடின்னு ஒருத்தி, கால் பெசகி வரப்புலயே உட்கார்ந்துட்டா. போற சைக்கிளையெல்லாம் கை காட்டறா. ரோட்டு வரைக்கும் ஏத்திக்கினு போங்கன்னு கத்தறா."

"அப்புறம்?"

"பதினோரு சைக்கிள் போச்சு. பின்னால வர்றவங்க ஏத்திக்குவாங்கன்னு ஒவ்வொருத்தரும் நெனைச்சோம்." வைஜெயந்தி தலையைத் தூக்காமலே சொன்னாள். "கடைசி சைக்கிள் என்னுது. கேரியர்ல ஒரு மூட்டை உப்பு இருந்துச்சு. அதைத் தள்ளிவிட மனசு வரலை."

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"மூணாம் நாள் தண்ணி வடிஞ்சப்பதான் கெடைச்சா. போன வருஷம் இங்க ரெண்டு பேரு சைக்கிளோட கழியில விழுந்தாங்க. ஒருத்தன்தான் பொழைச்சான். பின்னால யாரோ ஏறி உட்கார்ந்து ஹேண்டிலைத் திருப்பினாங்கன்னு சொன்னான். அதுக்கப்புறம்தான் கேரியரையெல்லாம் கழட்டினாங்க."

பிரிசில்லா கொட்டகை வாசலுக்கு வந்து பார்த்தாள்.

கூடாரத்தின் முன்னால் மஞ்சள் சைக்கிள் இல்லை.

சூரியன் உப்பளத்துக்கு அப்பால் இறங்கியிருந்தது. அவள் கையில் கிடைத்த வாடகை சைக்கிளை எடுத்து மிதித்தாள். பாத்திகளில் நின்ற தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்து சாம்பல் நிறமாக மாறிக்கொண்டிருந்தது. கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள் குனிந்து உட்கார்ந்த ஆட்களைப் போல வரிசையாகத் தெரிந்தன. சேறும் கருவாடும் கலந்த வாடை. பறவைகள் ஒன்றுகூடக் கத்தவில்லை. காற்றும் நின்றிருந்தது.

முதல் பாலம். இரண்டாவது பாலம்.

கடைசிப் பாலத்தைத் தாண்டியதும் மஞ்சள் சைக்கிள் தெரிந்தது.

கிருபா ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள். மிக மெதுவாக, எழுந்து நின்று மிதித்துக்கொண்டு, மேட்டில் பாரம் ஏற்றிப் போகிறவளைப் போல. அந்தப் பாதையில் மேடே கிடையாது.

பின்சக்கரத்தின் டயர் தரையோடு நசுங்கியிருந்தது. கேரியரில் யாரும் இல்லை.

"கிருபா, நிறுத்து."

"முடியலம்மா," அழக்கூட பயந்து கிசுகிசுத்தாள் குழந்தை. "இடுப்பைப் புடிச்சிருக்குது. இறங்க விட மாட்டேங்குது."

அவளுடைய சட்டை இடுப்பில் இரண்டு பக்கமும் நனைந்து உள்ளே அமுங்கியிருந்தது. ஐந்தைந்து விரல்கள். ஹேண்டில் தானாகத் தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. முன்சக்கரம் சரிவில் இறங்கியது.

பிரிசில்லா தன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து ஹேண்டிலைப் பிடித்தாள். இரும்பு பனிக்கட்டியாகச் சில்லிட்டது. அருள் நிறைந்த மரியே என்று வாய் தொடங்கியது. பாதியில் நிறுத்தினாள். ஜெபத்துக்குச் செலவழிக்க மூச்சு இல்லை. அதோடு, பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அவளுக்குள் எழுந்திருந்தது.

கோபம்.

"தனகோடி," என்றாள், காலியான கேரியரைப் பார்த்து. "அன்னைக்கு இவ பொறக்கவே இல்லை. இவ மேல எதுக்குக் கை வெக்கிற?"

தண்ணீரில் ஏதோ களுக் என்றது.

"உனக்கு ஓட்ட ஆள்தானே வேணும்? குழந்தையை விடு. நான் ஓட்டறேன்."

ஹேண்டில் இழுப்பது நின்றது. பிறகு சட்டையில் இருந்த விரல் பள்ளங்கள் ஒவ்வொன்றாக மேலெழுந்தன. கிருபா சரிந்து அம்மாவின் மேல் விழுந்தாள்.

"பாலத்துப் பக்கம் ஓடு. திரும்பிப் பார்க்காத."

பிரிசில்லா அந்தச் சின்ன சைக்கிளில் ஏறினாள். முழங்கால்கள் ஹேண்டிலில் இடித்தன. ஒரு சிறு பெருமூச்சு பிடரியில் பட்டது. உப்பும் சேறும் கலந்த மூச்சு. இரண்டு ஈரக் கைகள் அவள் இடுப்பைச் சுற்றின.

"தண்ணிக்குப் போ," என்றது காதோரம்.

"போகமாட்டேன்."

சைக்கிளைப் பூங்காப் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு மிதியும் தொடையைக் கிழித்தது. ஹேண்டில் இடப்பக்கம், தண்ணீரை நோக்கி இழுத்தது. அவள் வலப்பக்கம் இழுத்தாள். மறுபடி இழுத்தது. முன்சக்கரம் கரையின் விளிம்பில் உருண்டு, ஒரு கல் உடைந்து தண்ணீரில் விழுந்தது.

"அன்னைக்கு எங்க போகணும்னு கேட்ட?" பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ரோட்டுக்குத்தானே? ரோட்டுக்குத்தான் போறோம். உனக்கு இஷ்டம் இல்லைன்னாலும் ரோட்டுக்குத்தான்."

"தண்ணிக்குப் போ."

"வாயை மூடிக்கிட்டு கெட்டியா புடிச்சுக்கோ."

இரண்டாவது பாலத்தருகே, பின்னாலேயே ஓடி வந்திருந்த வைஜெயந்தி கிருபாவை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். சைக்கிள் கடந்தபோது அவள் பிரிசில்லாவைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலே பார்த்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

"மன்னிச்சுடு புள்ள."

இடுப்பில் இருந்த நகங்கள் சதைக்குள் இறங்கின. பிரிசில்லா மிதிப்பதை நிறுத்தவில்லை.

பூங்காவின் கேட்டில் சக்கரபாணி ஒதுங்கி வழிவிட்டார். மண்பாதை முடிந்து தார் ரோடு வந்தது. அவள் ஒரு காலை ரோட்டில் ஊன்றினாள்.

"வந்தாச்சு. இறங்கு."

பாண்டிச்சேரி பஸ் ஒன்று வெளிச்சத்தை வாரி இறைத்துக்கொண்டு போனது. அது போனபின் சைக்கிள் துள்ளிக்கொண்டு லேசானது. கேரியரிலிருந்து தார்மீது தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கொஞ்சநேரம் கேட்டது.

அன்றிரவே ஊர் திரும்பலாம் என்று சக்கரபாணி எவ்வளவோ சொன்னார். அவள் கேட்கவில்லை. ஸ்பானரோடு வந்தவரிடம், "இதைக் கழட்டாதீங்க. உங்க சைக்கிள்லயும் மறுபடி மாட்டுங்க. ஏத்தாம போனதுக்குத்தான் அவ இப்படி அலையறா," என்றாள். கூடாரத்தில் மகளை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். காலையில் கிருபாவின் இடுப்பில் இருந்த சிவப்புத் தடங்கள் மறைந்திருந்தன. இருவரும் கழிமுகத்தைப் பார்த்தபடி இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமைக் காலை. பிரிசில்லா ஸ்கூட்டரில் தனியாக லேப் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கோட்டக்குப்பத்தில் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். நல்ல வெயில். சுற்றிலும் ஜனங்கள்.

"நீங்க ஹெல்மெட் போட்டிருக்கீங்க, சரி. பின்னால இருக்கறவங்களுக்கு எங்கம்மா?"

பிரிசில்லா திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பின் இரண்டு பக்கமும் சுடிதார் மெல்ல நனைந்தது.

"எங்க போகணும்?" என்று கேட்டாள்.

"என்னையா கேக்கறீங்க?" என்றார் போலீஸ்காரர்.

இடுப்பில் பிடி மட்டும் இறுகியது.

"சொல்லலைன்னா நான் போற எடத்துக்குத்தான் வரணும்," என்று சொல்லிவிட்டு, பிரிசில்லா வண்டியைக் கிளப்பினாள்.