இரண்டு கிடுகு

இருபத்திரண்டு வருடமாக வாடகைக் கார் ஓட்டியவன் நான். எனக்குத் தெரியாத குறுக்குப்பாதை இந்தக் குடாநாட்டில் இல்லை என்று வல்வெட்டித்துறைச் சந்தியில் நின்று மார்தட்டியிருக்கிறேன். இப்போது யாராவது குறுக்குப்பாதை என்று வாயெடுத்தால் எழுந்து போய்விடுகிறேன்.

அறுபத்தைந்தாம் ஆண்டு ஆவணி மாதம். எங்கள் ஊர் இராசநாயகத்தின் தாயார் காலமாகிவிட்டார். அவருக்கு ஒரே பிள்ளை அவன்தான். அநுராதபுரத்தில் அரசாங்கக் கந்தோரில் வேலை. அவன் மனைவி நாகேஸ்வரி மாமியாரைப் பார்த்துக்கொள்ள இரண்டு மாதமாக ஊரிலேயே இருந்தாள். அவனைக் கூட்டிவர என்னை அனுப்பியவளும் அவள்தான்.

"அண்ணை, நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்குப் பிரேதம் எடுக்கினம். அதுக்கு மேலை வைச்சிருக்கேலாதாம். அவர் வந்து கொள்ளி வைக்காட்டி மாமியின்ரை கட்டை வேகாது. எப்பிடியும் கொண்டுவந்து சேர்த்துப்போடுங்கோ."

சேர்த்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் விடிய அநுராதபுரத்தில் அவனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். ஆனையிறவு வரை ஒரு தடங்கலும் இல்லை. இயக்கச்சியைத் தாண்டியதும் லொறிகளும் பஸ்களும் வரிசையாக நின்றன. முந்தின மார்கழிப் புயல் வெள்ளத்தில் இடிந்த மதகைப் பெயர்த்துவிட்டு, சல்லி கொட்டி உருளை இயந்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். கொதிக்கும் தாரின் மணம் தொண்டையை அடைத்தது. குறுக்கே சிவப்புக் கொடியை நட்டுவிட்டு ஒருவன் தார்ப் பீப்பாயின்மேல் இருந்து பீடி குடித்தான்.

"எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணித்தியாலமும் ஆகலாம், மூண்டும் ஆகலாம்."

"செத்தவீட்டுக்குப் போறம், தம்பி."

"இதிலை நிக்கிற எல்லாரும் எங்கையோ போறவைதானே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னால் நின்ற பஸ்ஸின் சாரதி கதிரவேலு என்னைத் தெரிந்தவன். "பொறுங்கோ முத்துக்குமாரு அண்ணை, வெத்திலை போடுவம்" என்றான். அவனோடு இருந்து வெற்றிலை போட்டிருக்கலாம். ஆனால் இராசநாயகம் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். முக்கால் மணித்தியாலம் பொறுத்தேன். பிறகு காரைத் திருப்பினேன்.

"தாளையடியாலை போய்க் கடற்கரையோடை பிடிச்சால் பருத்தித்துறை. அங்கையிருந்து எங்கடை ஊர் கூப்பிடுதூரம்" என்றேன்.

"பாதை நல்லதோ, அண்ணை?"

"என்னைக் கேக்கிறீரோ?"

தாளையடி வரை பாதை பாதகமில்லை. அதற்கப்பால் மணல்தான். வெண்மணல் மேடுகள், இடையிடையே வடலிப் பனைகள், கண்ணைக் கூசவைக்கும் வெய்யில். புயலுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. பழைய வண்டில் தடத்தை நம்பி ஓட்டினேன். நாகர்கோவில் என்ற கரையோரக் கிராமத்துக்கு ஒன்றரை மைல் இருக்கும்போது தடம் மறைந்தது. இரண்டு பின் ரயரும் அச்சுவரை புதைந்தன.

இயந்திரத்தை நிறுத்தினேன். மணி பன்னிரண்டு. எங்கள் நிழல் காலடிக்குள் ஒடுங்கியிருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். வழிநெடுகக் கேட்டுக்கொண்டு வந்த கடல் இரைச்சல் நின்றுபோயிருந்தது.

மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலி தெரிந்தது. உள்ளே ஓலை வீடு. முற்றத்துப் பந்தலில் வெள்ளை கட்டியிருந்தார்கள்.

"செத்தவீடு போலை" என்றான் இராசநாயகம்.

"ஆக்களாவது இருப்பினம். வாரும்."

படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். சாம்பிராணி மணத்தது. அதற்கு அடியில் வேறொரு மணமும் இருந்தது. கரையில் ஒதுங்கி அழுகிய பாசியின் மணம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் எங்களுக்கு முதுகு காட்டி வட்டமாக இருந்தார்கள். ஒப்பாரி மெதுவாகக் கேட்டது. ஆனால் ஒருத்தியின் தோளும் அசையவில்லை.

பறை இல்லை. ஆண்கள் ஒருவரும் இல்லை. ஒரு ஈகூட இல்லை.

நடுவில் பாயில் பிரேதம் கிடந்தது, முகத்தை மூடி. பக்கத்தில் இன்னும் இரண்டு பாய் வெறுமையாக விரித்திருந்தது. சொந்தக்காரர் வந்து இருப்பதற்காக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்து வந்தாள். சேலைக்கரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அது விழுந்த இடத்தில் மணல் நனையவில்லை.

"கொள்ளி வைக்க ஆள் வந்திட்டுதோ?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்லைப் பிள்ளை, நாங்கள் வழியிலை போறவை. கார் புதைஞ்சுபோச்சு. ரெண்டு கிடுகு தந்தால் ரயருக்குக் கீழை போட்டு எடுத்துப்போடுவம். திருப்பிக் கொண்டுவந்து தாறன்."

அவள் வேலியைக் காட்டினாள். பின்னிய தென்னோலைக் கிடுகுகள் இரண்டு சாய்ந்து நின்றன. அந்த வெய்யிலில் அவை ஈரமாக, கை விறைக்கும்படி குளிர்ந்திருந்தன.

நான் வெளியேறப் பார்த்தேன். இராசநாயகம் இளகிய மனதுக்காரன். நின்று விசாரித்தான்.

"ஆரக்கா மோசம் போனது?"

"என்ரை அவர்."

"பிள்ளையள் இல்லையோ?"

"ஒரு பொடியன். கடலுக்குப் போனவன். வந்து கொள்ளி வைப்பன் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறம்."

"எப்ப போனவர்?"

"மார்கழி."

இது ஆவணி.

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். படலையடியில் திரும்பிப் பார்த்தேன். அந்த முற்றத்து மணலில் எங்கள் இருவரின் காலடிகள் மாத்திரமே இருந்தன.

கிடுகைப் போட்டு அக்ஸிலேற்றரை அமத்தியதும் கார் ஒரே மூச்சில் மேலே ஏறிவிட்டது. அந்தப் பெண் படலையில் நின்றாள். கிடுகைத் திருப்பிக் கொடுக்க நான் இறங்கவில்லை. அவை மணலிலேயே கிடந்தன.

செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். திரும்பி வருவேன் என்ற பேச்சே அங்கே ஆகாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் அவனுக்குப் புத்தி முழுக்கத் தாயாரிடம். இரக்கம் வேறு. கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினான்.

"எங்கடை அம்மாவின்ரை காரியத்தை முடிச்சுப்போட்டு வாறன், அக்கா."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஓம், வாருங்கோ தம்பி," என்றாள் அவள். "அதுவரைக்கும் எடுக்காமல் வைச்சிருக்கிறம்."

மூன்றேகாலுக்கு வல்வெட்டித்துறையில் அவனை இறக்கினேன். அவன் தலை மழித்து, தோளில் குடம் சுமந்து, தாயாருக்குக் கொள்ளி வைத்தான். நாகேஸ்வரி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்தநாள் கதிரவேலுவைச் சந்தியில் கண்டேன். "நீங்கள் காரைத் திருப்பி அரை மணித்தியாலத்திலை கொடியைப் பிடுங்கிப்போட்டாங்கள், அண்ணை. நான் ஒரு மணிக்கு நெல்லியடியிலை நிக்கிறன்" என்று சிரித்தான்.

மூன்றாம் நாள் காடாத்தி அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள். அன்று மதியம் இராசநாயகம் என் வீட்டுக்கு வந்தான். முகம் காய்ந்துபோயிருந்தது.

"அங்கை இன்னும் எடுக்கேல்லை, அண்ணை."

"எங்கை?"

"இந்த வெய்யிலுக்குள்ளை எத்தினை நாளைக்கு வைச்சிருக்கிறது? என்னை நம்பியெல்லே இருக்கினம்."

திட்டினேன், கெஞ்சினேன். அந்தத் திசைக்குத் தலைவைத்தும் படுக்காதே என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

எட்டாம் நாள் காலை நாகேஸ்வரி ஓடிவந்தாள். "விடிய சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர். எட்டுப் படைக்க வேணும், ஆளைக் காணேல்லை. எங்கை போயிருப்பார் எண்டு உங்களுக்குத் தெரியுமோ, அண்ணை?"

எனக்குத் தெரியும்.

காரை மணலுக்கு இப்பால் நிறுத்திவிட்டு நடந்து போனேன். உச்சிப்பொழுது. கடல் இரைச்சல் நின்றது. வேலியில் அவனுடைய சைக்கிள் சாய்ந்திருந்தது.

அதே வெள்ளை. அதே முதுகுகள்.

அந்தப் பெண்ணின் புருஷன் அதே பாயில் கிடந்தான், முகத்தை மூடி. அவனை யாரும் எரிக்கவில்லை.

பக்கத்துப் பாயில் இன்னொரு பிரேதம்.

அதற்கு முகத்தை மூடியிருக்கவில்லை. நாடியைச் சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தது. தாயாருக்காக மழித்த தலையில் மயிர் அரும்பியிருந்தது.

மற்றப் பாய் வெறுமையாகக் கிடந்தது.

"கொள்ளி வைக்க ஆள் வந்திட்டுதோ?" என்று என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

நான் வாய் திறக்கவில்லை. ஒரு சொல்லும் சொல்லாமல், திரும்பிப் பாராமல் நடந்தேன். அவனைத் தூக்கிவரும் துணிவு எனக்கு இருக்கவில்லை. அந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை.

மறுநாள் பொலிசையும் ஊராரையும் கூட்டிக்கொண்டு போனேன். வீடு இல்லை, வேலி இல்லை. மணல்மேடு ஒன்றும், அதன்மேல் கிடந்த சைக்கிளும்தான். இரண்டு நாள் தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

நாகேஸ்வரி ஒருநாள் என்னிடம் கேட்டாள். "பொட்டை அழிக்கவும் மனமில்லை, வைக்கவும் மனமில்லை. செத்திருந்தால் அவருக்கு ஆர் அண்ணை கொள்ளி வைக்கிறது?" நான் கண்டதை அவளிடம் சொல்லவில்லை. அவன் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லியிராவிட்டால் என்று மனதுக்குள் அவனையே குறைசொல்லிக்கொண்டிருந்தேன். நான் வருவதாகச் சொல்லவில்லை, ஆகவே எனக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியும் இருந்தது.

அந்த நிம்மதி போன திங்கட்கிழமை மதியம் வரைதான்.

சாப்பிட இருந்த நேரம் என் மனைவி குணலட்சுமி படலையடியிலிருந்து கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ, உந்தக் கிடுகை ஆர் கொண்டுவந்து சாத்தினது? ஈரமாய்க் கிடக்குது."

இரண்டு கிடுகு. இரண்டின் நடுவிலும் என் காரின் ரயர் அச்சு.

திருப்பிக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னவன் நான்.

அவற்றை எரித்தேன். செவ்வாய் மதியம் படலையில் சாய்ந்து நின்றன. மறுபடி எரித்தேன். புதன்கிழமையும் நின்றன. எரிப்பதை விட்டுவிட்டு, காரின் டிக்கிக்குள் போட்டுப் பூட்டினேன். திறப்பு என் மடியில்தான் இருந்தது.

இன்றைக்குக் காலையில் திறந்து பார்த்தேன். கிடுகுகளின்மேல் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது.