மாற்று ஆள் வராத காவல்

ஓமன் நாட்டுச் சலாலாவிலிருந்து ஏமன் எல்லைப் பக்கம் ஏறும் மலைச்சாலையில் தண்ணீர் லாரி வீரபாண்டியை இறக்கிவிட்டபோது நல்ல பகல்தான். ஆனால் வெயில் இல்லை. 2005, ஜூலை மாதம். அரபு நாடெல்லாம் பொசுங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் இந்த மலைகளில் மட்டும் கடலிலிருந்து பனி ஏறிவந்து உட்கார்ந்துகொள்ளும். கரீஃப் என்பார்கள். தூறல் நிற்காது. கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாம் வெள்ளைதான்.

லாரி ஓட்டிவந்த லுக்மான் கீழக்கரைக்காரர். இந்த மலையில் பல வருடம் ஓட்டியவர்.

"ஜேசிபி அந்தா நிக்கிது தம்பி. டீசலை யாரும் உறிஞ்சிட்டுப் போவாம பாத்துக்கறதுதான் டூட்டி. பொழுது சாயமுன்னாடி வந்து ஏத்திக்கிறேன்." கிளம்பப் போனவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேட்டுல ஒரு கல்லு ரூம் இருக்கு. அங்க போவாதீங்க."

"ஏன் பாய்?"

"ஒட்டகம் மேய்க்கிற மலைக்காரங்களே போறதில்ல. பழைய பட்டாளத்து ரூமு. ஒரு கரீஃபுல எல்லாரும் கீழ எறங்கிட்டாங்களாம். ஒருத்தன மட்டும் விட்டுட்டாங்களாம்."

பட்டாளம் என்ற சொல்லைக் கேட்டாலே வீரபாண்டிக்கு வாய் கசக்கும். அவனுடைய தாத்தா சோலையப்பன் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பட்டாளத்துக்குப் போனவர். கடல் தாண்டி ஏதோ ஓர் எல்லை மலையில் காவல் வேலை என்று ஊருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். மனைவி மாரியம்மாள் அப்போது நிறைமாதம். பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. சோலையப்பன் காவலை விட்டு ஓடிவிட்டானாம்.

அந்தப் பிள்ளைதான் வீரபாண்டியின் அப்பா கோபாலசாமி. முதுகுளத்தூர்ப் பக்கத்து அந்த ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்திலும் சரி, பெண் பார்க்கப் போன வீட்டிலும் சரி, அவர் 'ஓடுகாலி மகன்'. மாரியம்மாள் சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. அதற்கும் சிரித்தார்கள்.

வீரபாண்டி விமானம் ஏறிய அன்று அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "போன எடத்துல நின்னு வேலையைப் பாரு. பாதியில ஓடியாந்துறாத."

லாரிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. தூறல் இரும்பில் படும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஜேசிபியின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை வந்தது. நனைந்த கம்பளி, துப்பாக்கி எண்ணெய். இரண்டும் கலந்து, மிக அருகில்.

பிறகு சரளைக் கற்கள் நொறுங்கின.

பூட்ஸ் கால்கள். மேட்டில் யாரோ நடக்கிறார்கள். போய், நின்று, திரும்பி, மறுபடியும் வருகிறார்கள்.

"ஹுக்கும்தார்!"

பட்டாளத்துக் காவல்காரன் ஆளை மறிக்கும் அதட்டல் அது.

"யாரது அங்கிட்டு? மாத்து ஆளா?"

தமிழ். அதைவிட மோசம், அது அவனுடைய அப்பாவின் குரல். அதே கரகரப்பு, கடைசிச் சொல்லை இழுக்கும் அதே இழுப்பு. ஆனால் இளசாக இருந்தது. இருபது வயதுப் பையனுக்கு அப்பாவின் தொண்டையை வைத்ததுபோல.

எழுந்து மேடேறினான். ஏன் ஏறினான் என்று பிற்பாடும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பனிக்குள் கல் அறையின் ஒரு மூலை தெரிந்தது. அதற்கு அப்பால் செங்குத்தான பள்ளம்.

ஆள் யாரும் இல்லை. குரல் மட்டும் அவன் முகத்துக்கு நேரே வந்தது.

"மாத்து ஆளு இல்லையாண்ணே?"

வீரபாண்டிக்கு முப்பத்தைந்து வயது. அவனைத்தான் 'அண்ணே' என்றது.

"சரி விடுங்க. மாத்து ஆளு வராம நான் எறங்கக் கூடாது. நீங்க ஊருக்குப் போனீகன்னா ஒண்ணு கேட்டுச் சொல்லுங்கண்ணே. எங்க மாரிக்குப் புள்ள பொறந்துருச்சா? சோலையப்பன் பொண்டாட்டின்னு கேளுங்க, சொல்லுவாக."

வீரபாண்டி விழுந்து எழுந்து கீழே ஓடினான்.

மாலையில் வந்த லுக்மான் அவன் முழங்காலில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டபின் வண்டியை அணைத்தார்.

"நானும் கேட்டிருக்கேன் தம்பி. தமிழ்லதான் கேக்கும். பதில் சொல்லத்தான் எனக்குத் தைரியம் இல்ல." வீரபாண்டியின் தோளைத் தொட்டார். "ஒங்க ஆளுன்னா நீங்கதான் சொல்லணும்."

"நான் இல்ல பாய். சொல்ல வேண்டியவர் ஊர்ல இருக்காரு."

மறுநாள் அதே மேட்டில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டான். அந்த உயரத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. தாத்தா பெயரை எடுத்ததுமே கோபாலசாமி சீறினார்.

"ஓடுன ஆளு பேச்ச எங்கிட்ட எடுக்காத!"

"ஓடலப்பா. இங்கதான் நிக்கிறாரு."

"என்னடா ஒளறுற?"

சரளை நொறுங்கியது. வாடை நெருங்கியது. வீரபாண்டி ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பனிக்குள் நீட்டினான்.

"கேட்டீகளாண்ணே? மாரிக்குப் புள்ள பொறந்துருச்சா?"

போனின் மறுமுனையில் அப்பாவின் குரல் தாழ்ந்தது. "வீரா... யாருடா அது, என்னைய மாதிரியே பேசுறது?"

அந்தப் பக்கம் ஏதோ உடைவதுபோல ஒரு விம்மல் எழுந்தது. அறுபது வயதைத் தாண்டிய மனிதர், வாழ்க்கையில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாத சொல்லைச் சொன்னார்.

"அப்பா..."

பூட்ஸ் சத்தம் நின்றது.

"அப்பா, நான் கோபாலு. பொறந்துட்டேன்ப்பா. ஆம்பளப் புள்ளதான்."

பனி அசையாமல் நின்றது. தூறலும் நின்றதுபோல் இருந்தது.

"மாரி நல்லாருக்காளா?"

"அம்மா... ஒங்களத்தான் பாத்துக்கிட்டே இருந்துச்சு. நீங்க ஓடலப்பா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போதும், எறங்கி வாங்க."

"மாத்து ஆளு வராம எப்பிடி வருவேன் சாமி?"

அந்தக் குரலில் கோபமில்லை, புகாரில்லை. அதைத்தான் வீரபாண்டியால் தாங்க முடியவில்லை. நான் நிற்கிறேன், நீங்கள் போங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தான். போனுக்குள்ளிருந்து அப்பா முந்திக்கொண்டார்.

"நீ வாயத் தொறக்காத வீரா! கீழ எறங்கிப் போ." பிறகு மெதுவாக, ஒரு பிள்ளையிடம் பேசுவதுபோலவும் பிள்ளையே பேசுவதுபோலவும் சொன்னார். "நான் வாரேன்ப்பா."

லைன் அறுந்தது.

கோபாலசாமி அன்று மாலை, வாசல் கட்டிலில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். தகவல் வந்ததும் வீரபாண்டி லீவு கேட்டான். கம்பெனி வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் ஊரில் எரித்துவிட்டார்கள். கொள்ளிவைக்க வேண்டிய மகன் சலாலா தொழிலாளர் கேம்பில், இரும்புக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

விடிந்ததும் லுக்மானிடம் கெஞ்சி மலைக்குப் போனான். அப்பா கடைசியாகப் பேசிய இடத்தில் அழ வேண்டும்போல் இருந்தது. இருவரும் சேர்ந்தே மேடேறினார்கள். ஒரு சத்தமும் இல்லை. வாடையும் இல்லை.

"போயிட்டாங்க தம்பி," என்றார் லுக்மான். "ரெண்டு பேரும் போயிட்டாங்க."

வீரபாண்டி தரையைக் காட்டினான்.

கல் அறையைச் சுற்றி, நனைந்த மண்ணில் பெரிய பூட்ஸ் தடங்கள். அவற்றை ஒட்டியே சின்னஞ்சிறு வெறுங்கால் தடங்கள். நடக்கப் பழகும் குழந்தையின் கால்கள், தள்ளாடித் தள்ளாடிப் போயிருந்தன. கொஞ்ச தூரத்தில் சின்னத் தடங்கள் நின்றுவிட்டன.

அங்கிருந்து பூட்ஸ் தடங்கள் மட்டும், கீழே இறங்காமல், அறையைச் சுற்றியே தொடர்ந்தன. முன்னைவிட ஆழமாக, ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு நடந்ததுபோல.

லுக்மான் அவன் கையை இறுகப் பிடித்தார். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஈர மண்ணில் இன்னொரு பூட்ஸ் தடம் அழுந்தியது.