மூன்றாம் கழுவல்

ஞாயிறு பூசை முடிந்த மதியம், லா கூர்னெவ் புறநகரின் ஒரு கிடங்கில் இருந்தவர்கள் நால்வர்: மரியரட்ணம், அவருடைய மகள் றெஜினா, மருமகன் அருள்நேசன், விசைப்படகை விற்க வந்த ஜோனத்தான். ஐந்தாவது ஆள் இல்லை.

படகு செய்ன் ஆற்றில் மட்டுமே ஓடியது என்றான் ஜோனத்தான். ஆனால் அதன் பின்புறத்தில் தொங்கிய எஞ்சினில் மரியரட்ணத்துக்குக் கடல் மணத்தது.

பழைய எஞ்சின் வாங்குவதற்கு, ஊரில், பேசாலைக் கடற்கரையில், அவருடைய குடும்பத்துக்கென்று ஒரு முறை இருந்தது. எஞ்சினின் விசிறி உள்ள அடிப்பகுதியை நல்ல தண்ணீர்ப் பீப்பாவில் இறக்கி ஓடவிட்டு, பக்கத் துளையால் பீறும் நீரை மூத்தவர் நாக்கில் வைத்துப் பார்ப்பார். மூன்றாம் முறை தண்ணீர் மாற்றியும் உப்புக் கரித்தால், கடல் அந்த எஞ்சினை இன்னும் விடவில்லை; படகைத் தொடாமல் திரும்பிவிட வேண்டும். கிடங்கிலும் அவர் ஒரு பீப்பாவை நிரப்பச் சொல்லி எஞ்சினை அதில் இறக்க வைத்தார்.

"எஞ்சினுக்குச் சீனி வருத்தமோ எண்டு நக்கிப் பாக்கிறீங்களோ மாமா?" என்றான் அருள்நேசன். றெஜினா சிரித்தாள்.

முதல் தண்ணீர் கரித்தது. அது இயல்பு. குழாயிலிருந்து புதிதாகப் பிடித்த இரண்டாம் தண்ணீர், எஞ்சின் இரைச்சலில் தகரக் கூரை அதிர, நீலப் புகை தொண்டையை அடைக்க, முதலாவதைவிடக் கரித்தது. இடுப்பளவுதான் பீப்பா, ஆனால் அவர் குனிந்து பார்த்தபோது அதன் அடி தெரியவில்லை. மூன்றாம் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. உப்போடு இரும்பும் நாக்கில் ஒட்டியது. பல் உடைந்த வாயின் சுவை.

திரும்பிவிட வேண்டும். ஆனால் வாங்குகிறோம் என்று ஜோனத்தானுக்கு நேற்றே வாக்குக் கொடுத்துவிட்டார். லா சப்பல் தமிழ்க் கடைகளில் நாலு பேருக்குச் சொல்லியும் விட்டார். பயந்து ஓடிய குடும்பம் என்று பெயர் வருவதா?

"என்ன மாமா, உப்போ?"

"இல்லை. நல்ல தண்ணி."

ஜோனத்தான் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தான். அமைதி. பீப்பாவின் உள்ளிருந்து ஒரு தட்டல். பிறகு இன்னொன்று.

"விசிறியிலை என்னவோ கொழுவியிருக்கு." அருள்நேசன் சட்டைக் கையை மடித்துத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டான்.

வேண்டாம் என்று சொல்ல மரியரட்ணம் வாயைத் திறந்தார். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். மூடிக்கொண்டார்.

"ஆரோ கையைப் பிடிக்கினம், மாமா." அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

தோள் போனது. தலை போனது. சாவி ஜோனத்தானின் கையில் இருந்தது. விசிறி சுழன்றது. எலும்பு முறியும் சத்தம். சூடான சிவப்பு நீர் மூவரின் முகத்திலும்.

"அப்பா, பிடியுங்கோ! இழுங்கோ!"

மரியரட்ணம் மருமகனைத் தள்ளிவிட்டார் என்று லா சப்பலில் ஒரு கதை உலவுகிறது. அது பொய். அவர் அவனுடைய இரு கால்களையும் கட்டிப்பிடித்து இழுத்தார். காலிலிருந்து இடுப்புவரை மட்டும் கையோடு வந்தது. மிச்சம் பீப்பாவிலும் இல்லை.