இன்னும் கொஞ்சம் பின்னாடி

மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றியதும் சிவசங்கரின் காதில் விழுந்தது அருவிச் சத்தம்.

நின்று கேட்டான். அருவி அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி. அதுவும் மாசி மாதம். வழி நெடுக ஓடைகள் வறண்டு, வெறும் பாறைதான் கிடந்தது. தலையை உதறிக்கொண்டான். சத்தம் நின்றது. மலையேறி வந்ததில் காது அடைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கல்வராயன்மலையின் அந்தச் சரிவில் மொத்தமே ஏழெட்டு வீடுகள். ஓரமாக, பள்ளத்தை ஒட்டி நின்ற ஓட்டு வீடு ரங்கம்மாளுடையது. கச்சிராயபாளையத்திலிருந்து மரவள்ளிக் காட்டுக் கூலி வேலைக்கு மலையேறி, அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். குடும்பம் என்று சொல்ல இப்போது ரங்கம்மாள் ஒருத்திதான் மிச்சம்.

சிவசங்கரின் தோளில் கேமரா பை. கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு போட்டோ. இன்றோடு இரண்டையும் தலைமுழுகிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். போட்டோ ரங்கம்மாளுக்கு. கேமரா, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சுபாஷுக்கு.

பதினாறு வருஷத்துப் பைத்தியம் அது. விதைக்கடைக்காரனுக்கு எதற்கு இந்தக் கேமரா என்று ஊரே கேலி செய்தபோதும் விடாதவன். இன்று மலையேறும்போதுகூட ஒரு வளைவில் காட்டெருக்கம் பூவில் வெயில் விழுந்த அழகைப் பார்த்து, வண்டியை நிறுத்தப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தான்.

"அந்தக் கேமரா வூட்ல இருக்கணுமா, நானும் புள்ளையும் இருக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டுப் போங்க" என்று காலையில் மனைவி தேவிப்ரியா கேட்டிருந்தாள்.

அவள் அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தின் முழுக்கதை அவளுக்கே தெரியாது.

ஏழு மாதத்துக்கு முந்தைய ஆடி மாதம். அருவியில் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு பெண் கூடையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள். கலையரசி. இருபத்திரண்டு வயதிருக்கும். கறுத்த பாறை, வெள்ளைத் தண்ணீர், நடுவில் அவளுடைய மஞ்சள் சேலை. சிவசங்கருக்குக் கை பரபரத்தது.

"ஏம்மா, அந்தப் பாறை மேல செத்த நில்லேன். ஒரு படம் எடுத்துக்கறேன்."

"என்னையா? கெழங்கு வாங்கினா நிக்கிறேன் சார்" என்று சிரித்தாள். அவன் வாங்கினான். அவள் நின்றாள்.

அவன் கேமராவில் இருந்தது ஜூம் இல்லாத லென்ஸ். ஆள் முழுசாகப் படத்துக்குள் வரவில்லையென்றால் படம் எடுப்பவன்தான் பின்னால் நகர வேண்டும். அவன் பின்னால் சேறு. காலில் புது ஷூ. அதனால் அவளை நகரச் சொன்னான்.

"கொஞ்சம் பின்னாடி போம்மா."

"வழுக்கும் சார்."

"ஒண்ணும் ஆகாது. நான்தான் பாத்துக்கினு இருக்கேனே. இன்னும் கொஞ்சம் பின்னாடி."

பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவள் கால் பாசியில் சறுக்கியதை, வாய் திறந்ததை, கை அவனை நோக்கி நீண்டதை, எல்லாவற்றையும் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். இரண்டே எட்டு தூரம். கேமராவை விட்டுவிட்டுக் கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும்.

அவன் விரல் பொத்தானை விட்டு எழவில்லை.

பதினொரு படங்கள். முதல் படத்தில் சிரிப்பு. மூன்றாவதில் அலறல். பதினொன்றாவதில் தண்ணீர் மட்டும்.

"கை கழுவப் போனாங்க, வழுக்கிடுச்சி. நான் பாக்கல" என்று போலீஸிடம் சொன்னான். யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுக்க வேண்டியவளை இரண்டு நாள் கழித்துக் கீழே வயலோரத்தில் எடுத்தார்கள்.

பதினைந்தாம் நாள் ரங்கம்மாள் தேடிக்கொண்டு அவன் கடைக்கே வந்தாள். கையில் ஒரு கண்ணாடிச் சட்டம். கீழே தோற்றம், மறைவு என்று தேதியெல்லாம் எழுதி, நடுவில் படம் வைக்கும் இடம் காலியாக இருந்தது.

"நாளைக்குப் படையல் சார். ஆதார்ல இருக்கறது எம்பொண்ணு மாதிரியே இல்ல, கரியப் பூசின மாதிரி இருக்குது. போனும் அவளோட தண்ணியில பூட்ச்சி. அன்னைக்கி நீங்க படம் புடிச்சிக்கினு இருந்தீங்கன்னு டீக்கடைல சொன்னாங்க. அவ மூஞ்சி ஒண்ணு இருந்தா குடுங்க சாமி."

கொடுத்தால் கேள்வி வரும். "நான் அருவியத்தாம்மா எடுத்தேன். ஆளுங்கள எடுக்கல" என்றான். அவள் காலிச் சட்டத்தை மடியில் அணைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள்.

ஆனால் அவன் அந்தப் படங்களை அழிக்கவும் இல்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தன.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அவன் எடுத்த தேர்த் திருவிழாப் படத்தில், கூட்டத்தின் கடைக்கோடியில், யாருடைய உடம்போடும் சேராத ஒரு கை. மச்சினி பெண்ணின் மஞ்சள் நீராட்டுப் படத்தில் அதே கை, மணையின் பக்கத்தில். தை மாதம் மகள் அபிநயாவின் ஒன்பதாவது பிறந்தநாள். கேக் வெட்டும் படத்தில் அந்தக் கை குழந்தையின் தோள்மேல் இருந்தது.

விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டு.

"அப்பா, யாரோ ஈரக் கையால தொட்டாங்க" என்று அபிநயா அன்று சொன்னது நிஜம். கவுனின் தோளும் நனைந்திருந்தது.

போன வியாழக்கிழமை துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன தேவிப்ரியா அலறினாள். கைப்பிடிச் சுவர் கட்டாத பக்கமாக அபிநயா பின்னோக்கி நடந்துகொண்டிருந்தாள். குதிகாலுக்கும் விளிம்புக்கும் ஒரு சாண்.

"யாருடி உன்ன அப்பிடி நடக்கச் சொன்னது?"

"மஞ்சப் புடவை அக்காதான். இன்னும் கொஞ்சம் பின்னாடி, இன்னும் கொஞ்சம் பின்னாடின்னு சொன்னாங்கம்மா."

அருவிக்கரையில் தான் சொன்ன அதே வார்த்தை என்பது சிவசங்கருக்கு விளங்கிவிட்டது. குழந்தையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்தப் பெண்ணின் முகத்தை அவள் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். கேமராவையும் விட்டுவிட வேண்டும். மூன்றாவது படத்தை எடுத்துப் பிரிண்ட் போட்டான். முகம் மட்டும் வருகிற மாதிரி, நீட்டிய கையை வெட்டிவிட்டு.

"யாரு அது, வாசல்ல?" என்ற குரல் கேட்டு நிமிர்ந்தான். ரங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தாம்மா. விதைக்கடை. பழைய கார்டுல ஒரு படம் கெடந்துது, அதான் எடுத்தாந்தேன்."

அவள் உள்ளே போய்ச் சுவரிலிருந்து அந்தச் சட்டத்தை எடுத்து வந்தாள். உள்ளே இன்னும் காலி. சருகாகிப்போன மாலை. ஏழு மாதமாக வெறும் கண்ணாடிக்குத்தான் மாலை போட்டிருக்கிறாள்.

வாசற்படியில் உட்கார்ந்து, படத்தைச் சட்டத்துக்குள் பொருத்தி, மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"வாயத் தொறந்துக்கினு இருக்கறாளே. இன்னா சொல்றா?"

"சிரிக்கிறாங்கம்மா."

"தோளு ஒரு பக்கம் தூக்கிக்கினு இருக்குது. கை எங்க சார்?"

சிவசங்கர் கையிலிருந்த செய்தித்தாளைக் கசக்கினான். "படைக்கறதுக்கு மூஞ்சி இருந்தாப் போதும்னு..."

"ஓ" என்றாள் ரங்கம்மாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது நனைந்தது.

அவன் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். முற்றத்தைத் தாண்டி வண்டி வரைக்கும்கூட வந்துவிட்டான். திரும்பிப் பார்த்ததுதான் தப்பு.

மேற்கு வெயில் சாய்வாக வாசற்படியில் விழுந்திருந்தது. கிழவியின் சுருக்கம் விழுந்த முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. மடியில் செத்துப்போன மகள். பதினாறு வருஷத்தில் இப்படி ஒரு படம் அவனுக்கு வாய்த்ததில்லை.

ஒன்றே ஒன்று. கடைசியாக ஒன்று. அப்புறம் சுபாஷிடம் கொடுத்துவிடலாம்.

ஜிப்பைத் திறந்தது அவன் கைதான். அந்தப் பழியை வேறு யார் மேலும் போட முடியாது.

"அம்மா, அப்பிடியே இருங்க. ஒரு படம்."

ரங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "எடுங்க. எம்பொண்ண எடுத்தீங்களே."

கேமராவைக் கண்ணில் வைத்தான். சட்டத்தின் விளிம்பு படத்துக்குள் வரவில்லை. ஓர் எட்டு பின்னால் வைத்தான். இப்போதும் வரவில்லை. இன்னோர் எட்டு. அவன் நகர நகர மடியிலிருந்த முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கிழவியை மறைத்தது. வாசலை மறைத்தது.

ஈரப் பாசி வாடை அடித்தது. கூடவே, அவித்த கிழங்கின் ஆவி.

படத்தின் அடி விளிம்பில், அவன் வெட்டிய இடத்தில், ஒரு விரல் எட்டிப் பார்த்தது.

அப்புறம் நாலு விரல்.

அப்புறம் கை.

கேமராவை இறக்கப் பார்த்தான். முடியவில்லை. பொத்தானின் மேலிருந்த அவன் விரலை வேறொரு விரல் அழுத்திக்கொண்டிருந்தது. சில்லென்று. படபடவென்று படங்கள் விழுந்தன.

காதோரம் மூச்சு.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி, சார்."

காலடியில் காய்ந்த செம்மண்தான். ஆனால் குதிகால் பாசியில் சறுக்குகிற மாதிரி சறுக்கியது. பின்னால் பள்ளம். ஒரு கை கேமராவிலிருந்து விடுபட்டது. அதை ரங்கம்மாளை நோக்கி நீட்டினான். அவள் எழுந்து வந்திருந்தாள். இரண்டே எட்டு தூரம்.

"அம்மா, கைய... நான்தாம்மா... நான்தான் அவள பின்னாடி போகச் சொன்னேன்..."

ரங்கம்மாள் மகளின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் ஆகாது சார்" என்றாள். "நான்தான் பாத்துக்கினு இருக்கேனே."

அந்த வார்த்தையை உலகத்தில் இரண்டு பேர்தான் கேட்டிருந்தார்கள். ஒருத்தி ஏழு மாதமாக உயிரோடு இல்லை.

"படம் புடிக்கிறேன்னு பின்னாலயே போனாரு, வழுக்கிடுச்சி. நான் பாக்கல" என்று ரங்கம்மாள் போலீஸிடம் சொன்னாள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

டாக்டருக்கு மட்டும் ஒன்று விளங்கவில்லை. நாற்பதடி வறண்ட பள்ளத்தில் பாறையில் விழுந்தவனின் நுரையீரல் முழுக்கத் தண்ணீர் எப்படி வந்தது?

பதினைந்தாம் நாள் காலையில் தேவிப்ரியா சுபாஷின் ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஒரு கையில் அபிநயா. மறு கையில் போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்த கேமரா.

"நாளைக்குப் பதினாறாம் நாளு, தம்பி. ஊரையே படம் எடுத்தாரு. அவர எடுத்த படம் ஒண்ணுகூட உருப்படியா இல்ல. இதுல எதுனா இருக்குதான்னு பாரு."

சுபாஷ் கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டான். கடைசியாக எடுத்தவை பதினொரு படங்கள்.

முதல் பத்திலும் சிவசங்கர்தான். எதிரில் நின்று யாரோ எடுத்த மாதிரி. கழுத்தில் அதே கேமரா தொங்க, வாய் திறந்து, ஒரு கையை நீட்டிக்கொண்டு. பதினொன்றாவது படத்தில் தண்ணீர் மட்டும். நுரைத்துக்கொண்டு.

சுபாஷ் சட்டென்று திரையைத் தேவிப்ரியா பார்க்காதபடி திருப்பினான். மூன்றாவது படத்தில் முகம் தெளிவாக இருந்தது. நீட்டிய கையை வெட்டிவிட்டான். பின்னணியை நீலமாக்கினான். பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். தேவிப்ரியா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

பேச்சை மாற்ற நினைத்து, "பாப்பாக்கு ஸ்கூலுக்கு பாஸ்போர்ட் படம் வேணும்னு அண்ணன் சொல்லிக்கினு இருந்தாருக்கா. வந்ததுக்கு எடுத்துட்டுப் போயிடலாமே" என்றான் சுபாஷ்.

அபிநயா சமர்த்தாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது. சுபாஷ் கேமராவைக் கண்ணில் வைத்தான்.

குழந்தை எழுந்து ஸ்டூலைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மறுபடி இழுத்தாள். திரைச்சீலைக்குப் பின்னால், கதவில்லாமல், கீழே இறங்கும் மாடிப்படி இருந்தது.

"ஏம்மா, ஏன் பின்னாடி போற? அங்கியே இரு. யாரு போகச் சொன்னா? அந்த அக்காவா?" என்று தேவிப்ரியா பதறினாள்.

அபிநயா இல்லையென்று தலையாட்டினாள். ஈரமான தன் தோளை ஒரு கையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாதாம்மா சொல்றாரு."