அரைவயிற்றுச் சாட்சி

காலை ஏழு மணிக்கு ஜெசிந்தா எடைக் கருவியில் ஏறி நின்றாள். முப்பத்தெட்டு கிலோ. தூத்துக்குடிக்கு வெளியே இருந்த அந்தச் சாட்சிக் காப்பகத்தில் எடை கூடினால்தான் திட்டு. குறைந்தால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அரை இட்லி, கீரைத் தண்ணீர், நாலு பாதாம். இதற்கு நினைவுப்படி என்று பெயர் வேறு!

எல்லாம் எலிகளால் வந்த வினை. எந்தக் காலத்திலோ ஆய்வுக்கூடத்தில் பாதித் தீனி தின்ற எலிக்குக் கிழடான பிறகும் வழி மறக்கவில்லையாம். கொழுப்பும் சர்க்கரையும் மூக்குமுட்டத் தின்ற எலி பேந்தப் பேந்த விழித்ததாம். மரபணுத் திருத்தம் வந்தபின் மனிதருக்கும் அதே கதை, இன்னும் வேகமாக. ஊரில் வயிறாரச் சாப்பிடுகிறவர்களுக்குப் போன வருஷமே நினைவில் இல்லை. அவர்கள் பாட்டுக்குச் சந்தோஷமாக இருக்கிறார்கள். அதனால் சாட்சிக்கும் குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் தீர்ப்பு வரும்வரை அரைவயிறு என்று சட்டம் போட்டார்கள்.

மகள் ரோஸ்லினை மருமகன் கிளாடின் அடுப்படியில் வைத்துக் கழுத்தை நெரித்ததை ஜெசிந்தா கண்ணால் பார்த்தவள். பதினோரு வருஷமாகியும் ஒன்றும் மங்கவில்லை. மங்க விட்டால்தானே!

"போதும்க்கா," என்றாள் வார்டன் லில்லி. "சாட்சி சொல்லலன்னு கையெழுத்துப் போட்டுட்டு வெளிய போங்க. நல்லாச் சாப்பிட்டா ஆறே மாசத்துல எல்லாம் போயிரும்."

"அப்ப அவன யாரு மாட்டிவிடுவா? செஞ்சத நெனச்சு நெனச்சு அவன் ஜெயில்ல சாகணும் லில்லி. எனக்கு அது போதும்."

அந்த மாதமே சாட்சி சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீலால் ஒரு சொல்லைக்கூட அசைக்க முடியவில்லை. கிளாடினுக்கு ஆயுள் தண்டனை. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ஜெசிந்தா சிரித்தாள்.

மறுவாரமே அவன் மேல்முறையீடு செய்தான். அது முடியும்வரை சாட்சிக்கு மறுபடி அரைவயிறு. தண்டனைக் கைதிக்கு? அவனைப் பட்டினி போட்டால் மனித உரிமை என்னாவது! மூன்று வேளையும் முழுச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறும் பாயசமும். இதை லில்லி அவளிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வாள், பாவம்!

இரண்டு வருஷம் கழித்து நீதிமன்றத்தில் ஜெசிந்தா அவனைப் பார்த்தாள். கன்னம் உப்பி, கண் தெளிந்து, பச்சைப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். விரலை நீட்டி, "இவன்தான் ஐயா" என்றாள்.

வேறு யாரையோ காட்டுகிறாள் என்று நினைத்து அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு அவளுடைய எலும்பும் தோலுமான கையைக் கண்டு அப்படியே இளகிப்போனான். அதில் துளி வேஷமில்லை.

"யாரும்மா நீங்க? ஏன் இப்படி மெலிஞ்சு கெடக்கீங்க? சாப்பிட்டீங்களா?"