பதில் சொல்லாத சலாம்

ஏழு நிமிடமாக இருந்த பதிவு இன்று எட்டாகியிருந்தது.

ராபியா போனைக் கண்ணருகே கொண்டுபோய் மறுபடியும் பார்த்தாள். எட்டுதான். தாராவியின் அந்த மாடியறையில் மழைச் சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிட்டது. கீழே பை தைக்கிற பட்டறையின் பசை வாடையும், கூரைத் தகரத்தின் இரைச்சலும், தெருவிலிருந்து அறையின் தரைக்கதவு வரை ஏறிவரும் இரும்பு ஏணியின் துரு நெடியும் ஒன்றாய்ப் புழுங்கிக் கிடந்தன. தம்பி பிள்ளையோடு மான்குர்த் போயிருந்தான்.

பதிவில் இருந்தது தம்பி பொண்டாட்டி சஃப்ரீனின் குரல். தலாக் ஆகி, பிள்ளை யாரிடம் வளர்வது என்று ஜமாத் கூடவிருந்த நேரம். மனசில் உள்ளதைச் சொல்லு புள்ள, வெளிய போகாது, என்னோடவே இருக்கும் என்று போனில் குழைந்து பேசி, ராபியா அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்தாள்.

"சில நாளு பிள்ளையப் போட்டுட்டு எங்கயாவது போயிரலாம்னு தோணுது மைனி."

ஜமாத்தில் அந்த ஒரு வரி ஒலித்தது. பிள்ளை தம்பி கைக்கு வந்தது. அடுத்த வாரம் சஃப்ரீனின் உடலை சயான் தண்டவாளத்தருகே கண்டெடுத்தார்கள்.

இப்போது அவள் வாப்பா ஜெயினுலாப்தீன் ராபியா மேல் வழக்குப் போட்டிருக்கிறார்.

"பேசுனதுல நீங்களும் ஒருத்தர், ஒட்டுக்கேட்டதா ஆகாதுன்னு வாதாடலாம்," என்றார் வக்கீல். "ஆனா அவங்க அந்தரங்கம்னு ஒண்ணு இருக்கு. கோர்ட் எந்தப் பக்கம் சாயும்னு தெரியாது. அழிச்சு மட்டும் வெச்சுராதீங்க."

அழிக்க முடியாது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

பதிவின் கடைசியில் சஃப்ரீன் சலாம் சொல்வாள். சரியாகப் பதிவானதா என்று பார்க்கிற அவசரத்தில், பதில் சலாம் சொல்லாமலே ராபியா துண்டித்திருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை. செய்த அத்தனையிலும் அதுதான் அவள் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

ஓடவிட்டாள். அழுகை. சலாம். அதோடு முடிய வேண்டும்.

முடியவில்லை. தகரத்தில் மழை விழும் சத்தம். அன்றைக்கு மழையே இல்லை. பிறகு, இரும்பில் ஈரக்கால் வைக்கிற சத்தம்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மைனி."

போனை அணைத்தாள். திரை கறுத்தது. வெளியே ஏணி அதிர்ந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மைனி."

தரைக்கதவுக்கு அடியிலிருந்து.

வாசலில் நிற்பவர் மூன்று முறை சலாம் சொல்லலாம். பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். சின்ன வயதில் மதரசாவில் படித்தது. ராபியா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். போனில் ஒன்று, கதவடியில் ஒன்று. இன்னும் ஒன்று. பொறுத்தால் போதும்.

மூன்றாவது சலாம் அழுகையோடு வந்தது. அன்றைக்குப் போலவே.

பாவம், ராபியாவால் தாங்க முடியவில்லை. முந்தானை நழுவியது.

"வ அலைக்கும் ஸலாம்."

தரைக்கதவு மெல்ல எழும்பியது. இடுக்கில் நீர் சொட்டும் விரல்கள். அணைத்து வைத்த போனில் சிவப்புப் புள்ளி எரிந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது.